கல்வியில் கணினி: மனப்பாங்கு ஆய்வுகள் மீதான விமர்சனம்

கல்வியில் கணினி குறித்த ஆய்வுகள் பல, ஆசிரியர், மாணவர் மனப்பாங்கை வினாக்கொத்து மூலம் அளக்கின்றன. "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையான தெரிவுகள், ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட அளவுகோலை அடியொற்றியவை. பிரெட் டேவிஸ் 1989இல் விளக்கிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின்படி, பயனுள்ளது, எளிது என்று கருதுபவர் அக்கருவியைப் பயன்படுத்துவார்.

வகுப்பறையில் இது அப்படியே பொருந்துவதில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளை ஆராய்ந்து லாரி கியூபன் 2001இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. அங்கு கணினிகளுக்குக் குறைவில்லை. ஆசிரியர்கள் பலர் வீட்டில் பாடம் தயாரிக்கக் கணினியையே நாடினர். ஆயினும் வகுப்பில் பெரும்பாலோர் அதை அரிதாகவே பயன்படுத்தினர். தடையாக இருந்தவை பாடவேளை அமைப்பு, தேர்வு நெருக்கடி, பழுதாகும் கருவிகள் போன்றவை. வினாக்கொத்தில் இவர்களும் கணினியை விரும்புவோராகவே பதிவாகியிருப்பர்.

மாணவர்களின் விருப்பமும் கற்றலுக்கு அளவுகோல் ஆகாது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் 2015 அறிக்கை, பள்ளிக் கணினிகளில் பெருமுதலீடு செய்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது.

மனப்பாங்கை மட்டும் அளக்கும் ஆய்வு, பள்ளியின் குறையை ஆசிரியரின் குறையாகக் காட்டிவிடுகிறது. தீர்வும் பயிற்சி வகுப்போடு நின்றுவிடுகிறது. கணினி பிடிக்குமா என்பதோடு, சென்ற வாரம் எந்தப் பாடத்தில், எத்தனை நிமிடம் அது பயன்பட்டது, பழுதானபோது யார் சரிசெய்தார் என்பவற்றையும் ஆய்வுகள் கேட்க வேண்டும்.