பலகை பிரித்ததும் ஒரு பச்சை

ஸ்லாக் எனும் உலைக்கசடு அதிகம் சேர்த்த கான்கிரீட்டில், சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் நாளில் ஒரு வேடிக்கை உண்டு. சாம்பல் நிறத்தை எதிர்பார்த்தவர் கண்ணில் நீலம் ஓடிய பச்சை படும். கலவை கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். கசடிலுள்ள கந்தகச் சேர்மங்களின் வேலை அது. காற்றுப் பட்டால் மேற்பரப்பு மெல்ல வெளுத்துவிடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை மிச்சமிருக்கும்.

இரும்பு ஊதுலையில் உருகி மிதக்கும் கசடைச் சுமார் 1500 டிகிரிச் சூட்டோடு வெளியே விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். படிகமாகக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்காமல், கண்ணாடித்தன்மையுள்ள மணலாகச் சிதறுகிறது. மெதுவாக ஆறவிட்டால் வெறும் கல், ஜல்லிக்குத்தான் ஆகும். இந்த மணலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் இறுகும் என்பதை 1862-இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் கண்டார். போர்ட்லேண்ட் சிமென்டோடு கலந்தால் அந்தச் சுண்ணாம்பு அதிலிருந்தே கிடைத்துவிடும். இந்தியத் தரவிதி 70 சதவீதம் வரை கசடை அனுமதிக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கரியமில வாயுவைக் கிளப்புவது அந்த அளவுக்கு மிச்சம்.

இந்தக் கான்கிரீட் குணத்தில் நிதானம். முதல் வாரம் பின்தங்கும். அவசரக்கார மேஸ்திரிக்குப் பிடிக்காது. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் வலுவேறும், நுண்துளைகள் அடைபடும். கடலோரக் கட்டடத்தில் உப்பு கம்பியை எட்டத் திணறும்.