காருகுறிச்சியை ஒரு பாட்டுக்குள் அடைக்கலாமா?

நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) என்றதும் நம்மாட்கள் யூடியூபில் ஒரே பாட்டைத்தான் தேடுகிறார்கள்: ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகி குரலோடு அவர் வாசித்தது. எஸ். எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் குரலுக்கும் வாத்தியத்துக்கும் நடந்த போட்டி என்றே சொல்லிச் சொல்லி, ஜானகி ஜெயிச்சாங்களா இல்லையா என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

எனக்கு அது போட்டியாகக் கேட்கவில்லை. நாகஸ்வரம் கோயில் வீதிக்கான வாத்தியம். தேர் இழுக்கிற கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டிய சத்தம் அதுக்கு. விரல் துளை ஏழுதான். மிச்ச ஸ்வரமும் கமகமும் சீவாளியில் உதடு அழுந்துகிற அளவிலும் மூச்சிலும் இருக்கு. அந்த மூச்சைத்தான் அருணாசலம் இங்கே அடக்குகிறார். குரல் ஸ்வரத்தை முடிக்கிற இடத்தில் பாய்ந்து விழுவதில்லை. அதே கனத்தில் வாங்கிக்கொள்கிறார். இவ்வளவு சத்தமான வாத்தியத்தில் இதுதான் கஷ்டம்.

சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்து ஊர்க்காரர், டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். குருவின் தோடி பிரசித்தம். அந்த வழியில் ராக ஆலாபனைதான் உயிர். எழுதிவைக்காத இசை, அந்தந்த ராத்திரிக்கு அங்கேயே பிறப்பது. (ஜாஸ்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ பிற்பாடு நாகஸ்வரமே கற்றுக்கொண்டார்.) சில நிமிஷ சினிமாப் பாட்டில் அதுக்கு இடம் ஏது? அருணாசலத்தின் கச்சேரிப் பதிவுகளும் இணையத்தில் கிடக்கு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு ஆலாபனையை ஓட்டாமல் முழுசாக் கேளுங்க. சினிமாப் பாட்டை அப்புறம் போட்டுக்கலாம்.