குலசை வேடங்களில் மனிதரல்லாதார்

குலசையில் தசரா கொடி ஏறிவிட்டால் முத்தையாபுரத்துத் தெருக்களில் காளியும் குரங்கும் கரடியும் நடமாடத் தொடங்கிவிடும். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் 48 நாளோ 41 நாளோ 21 நாளோ மாலை போட்டு விரதமிருந்து, காப்புக் கட்டி, வேடம் பூண்டு, வீடு வீடாகக் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று மனித வேடங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் இந்தத் திருவிழாவின் உயிர் மனிதரல்லாத வேடங்களில்தான் இருக்கிறது. அதன் பெரிய குறையும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் காளி. சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், ஒட்டியாணம், முதுகில் கட்டிய கைகள் எல்லாம் ஏறிய பிறகு ஆளால் சாய்ந்து உட்கார முடியாது. வீரப்பல்லைக் கவ்விக்கொண்டு சரியாகப் பேசவும் முடியாது. போன மாதம் உப்பளத்தில் உப்பு வாரியவரைத் தெருவே ‘அம்மா’ என்கிறது. வயதில் மூத்தவர்களும் அவர் கையால் திருநீறு வாங்குகிறார்கள். மீனும் கறியும் விட்டு அவர் கிடந்த விரதம் தெருவுக்குத் தெரியும். மரியாதை அதற்குத்தான்.

மனிதரல்லாத உருவை ஏற்பவருக்கு என்ன கட்டுப்பாடு வைப்பது என்ற சிக்கல் அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்கும் விளையாட்டுக்கும் இருந்தது. எல்ஃப், குள்ளர் முதலிய இனத்தாராக ஆடுவோர் ஓரளவுக்கு மேல் வளர முடியாதபடி விதி வைத்தார்கள். மனிதரே அந்த உலகின் மையம் என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் கட்சி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்த வரம்பு நீங்கியது. குலசைக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். வேடம் பெரிதானால் போடுபவருக்குக் கட்டுப்பாடும் பெரிது. எனக்கு இதுவே மேலான விதியாகப் படுகிறது.

குரங்கு, கரடி வேடங்களை ‘பிள்ளைகளுக்கான வேடிக்கை’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கூச்சப்படுகிற ஆளுக்கு முன்பின் தெரியாத வீட்டு வாசலில் கைநீட்டுவது லேசான காரியமில்லை. வாலும் முகமூடியும் அந்தக் கூச்சத்தை உடைத்துவிடுகின்றன.

அசுரனுக்குத்தான் அநியாயம் நடக்கிறது. பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் மகிஷாசுரன் தன் முகத்தோடு வருகிறான். சிங்கமுகம், எருமைமுகம், சேவல்முகம் என்று மாறிமாறி வந்து சாய்கிறான். லட்சக்கணக்கானோர் பார்க்க இத்தனை தலை மாற்றியும், அவன் ஏன் எதிர்த்தான் என்று சொல்ல அவனுக்கு இடமே இல்லை. மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் இரணியன் பாடுகிறான், மகனோடு வாதாடுகிறான். நரசிம்மம் வரும்போது அங்கே உடம்பு சிலிர்ப்பதற்கு அந்த வாதமும் ஒரு காரணம். எதிரிக்கு வாய் கொடுத்தால் அம்மனின் வெற்றி குறைந்துவிடாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குரங்கு, கரடி, பேய் என்று நீளும் அதே வேடப் பட்டியலில் குறவன் குறத்தியும் சேர்ந்துகொள்கிறது. தன்னை எப்படி ஆடுகிறார்கள் என்று கரடி வருந்தப்போவதில்லை. குறவர் மக்கள் வருந்துகிறார்கள், நெடுநாளாக முறையிட்டும் வந்தார்கள். அதன் பயனாகத்தான் 2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்தது. ‘அது நேர்த்திக்கடன், அம்மன் உத்தரவு’ என்பது வழக்கமான பதில். பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தசராவில் சாதிக் கொடியும் சாதி ரிப்பனும் கூடாதென்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. அது சரியென்றுதான் நாமும் சொல்கிறோம். கையில் கட்டுகிற ரிப்பனே கூடாதென்றால், ஒரு சமூகத்தையே வேடமாக உடுத்துவது மட்டும் எப்படி முறையாகும்?

தசரா குழு நடத்தும் அண்ணன்மார்களே, அடுத்த ஆண்டு வேடம் பிரிக்கும்போது குறவன் குறத்தியை எடுத்துவிடுங்கள். அந்த வேடத்துக்கு நேர்ந்துகொண்டவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி வேறு வேடம் கொடுங்கள். அவர் கொண்டுவரும் காணிக்கையை முத்தாரம்மன் மறுக்கமாட்டாள்.