இன்றை மட்டும் அறிந்த உறுப்பினர் பட்டியல்

கல்விச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும்போது பெரும்பாலும் ஒரே வடிவமைப்புதான் வந்து சேர்கிறது. ‘உறுப்பினர்’ என்று ஓர் அட்டவணை. அதில் பெயர், முகவரி, பள்ளி, மாவட்டம், உறுப்பினர் வகை, சந்தா முடியும் நாள், நடப்பு நிலை. பக்கத்தில் கட்டணம், பயிற்சி முகாம், முகாம் பதிவு என்று இன்னும் சில அட்டவணைகள். கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் இதுதான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதையே எழுதித் தருகின்றன. யாராவது குறை சொன்னால், ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்க விதிகளைக் காட்டி ஒரு பதில் தயாராக இருக்கும்: “மூன்றாம் இயல்பு வடிவம் வரை இயல்பாக்கம் செய்தாயிற்று, இதற்கு மேல் என்ன வேண்டும்?”

இந்த வடிவமைப்புக்கு நன்மைகள் உண்டு. ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டுமே இருப்பதால், கைபேசி எண் மாறினால் ஒருமுறை திருத்தினால் போதும். உறுப்பினரே இல்லாத ஒருவர் பெயரில் ரசீது பதிவாகாது. ஓர் ஆசிரியர் பல முகாம்களுக்குப் போவதையும், ஒரு முகாமுக்குப் பலர் வருவதையும் இடையில் ஓர் இணைப்பு அட்டவணை ஒழுங்காகத் தாங்கிக்கொள்கிறது. எக்செல் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறை ஒன்றுதான், ஆனால் அது அடித்தளத்திலேயே இருக்கிறது. இந்தத் தரவுத்தளத்துக்கு இன்றைய நிலை மட்டுமே தெரியும்.

ஒரு கணித ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். 2015இல் பி.எட். படிக்கும்போது மாணவர் உறுப்பினராகச் சேர்கிறார். 2018இல் வேலை கிடைத்ததும் ஆசிரியர் உறுப்பினர் ஆகிறார். 2020இல் சந்தா கட்டவில்லை. 2022இல் மறுபடி சேர்கிறார். 2024இல் ஆயுள் உறுப்பினர். ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பின்மேல் புதியது எழுதப்படுகிறது. கடைசியில் அட்டவணையில் மிஞ்சுவது ‘வகை: ஆயுள், நிலை: நடப்பு’ என்ற இரண்டு சொற்கள். 2021 பொதுக்குழுத் தேர்தலில் அவருக்கு வாக்கு இருந்ததா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. சங்கத்தில் சண்டை வருவதோ இப்படிப்பட்ட கேள்விகளில்தான்.

மாவட்டம் என்ற புலம் இன்னும் மோசம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், நெல்லையிலிருந்து தென்காசியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை. 32 மாவட்டங்கள் 38 ஆயின. மாவட்டக் கிளைகள் உள்ள ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் இதற்கு என்ன செய்வார்கள்? சங்கரன்கோவில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ‘திருநெல்வேலி’ என்பதை எடுத்துவிட்டு ‘தென்காசி’ என்று ஒரே கட்டளையில் மாற்றுவார்கள். பிறகு 2017ஆம் ஆண்டுக்கான கிளைவாரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அப்போது பிறக்காத தென்காசிக் கிளைக்கு உறுப்பினர்கள் இருப்பார்கள். நெல்லைக் கிளை அன்றைக்கே சிறுத்துப் போயிருக்கும். கிளையின் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் பேராளர்களையும் நிதியையும் பங்கிடும் சங்கத்தில் இது சின்னப் பிழை அல்ல.

மூன்றாம் இயல்பு வடிவம் இதைத் தடுக்காது. வகை, நிலை, சந்தா முடியும் நாள் ஆகிய மூன்றும் உறுப்பினர் எண்ணைச் சார்ந்தவை. எனவே விதிப்படி எல்லாம் சரி. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்பதுதான் அந்த விதியின் கவலை. நேற்று என்ன இருந்தது என்று அது கேட்பதே இல்லை. இயல்பாக்கத்தின் மூலவரான எட்கர் காட் 1970 கட்டுரையில் தந்த உதாரணத்தையாவது இந்த வடிவமைப்பாளர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். அது ஊழியர் பற்றியது. அதில் பணி வரலாறும் சம்பள வரலாறும் தனித்தனி உறவுகளாக, அதாவது அட்டவணைகளாக, பிரிகின்றன. பணி ஏற்ற நாளும் சம்பளம் மாறிய நாளும் வரிசையை அடையாளம் காட்டும் சாவியின் பகுதியாகவே நிற்கின்றன. காலத்தோடு தொடங்கிய முறையிலிருந்து காலத்தைக் கழித்துவிட்டு, அவர் பெயரையே அரணாக நிறுத்துவது நியாயமா?

பக்குவப்பட்ட மென்பொருள்களிலும் இந்தப் பழக்கத்தின் சாயல் உண்டு. உலகெங்கும் பல அமைப்புகள் பயன்படுத்தும் சிவிசிஆர்எம்மில் சேர்ந்த நாள், தொடக்க நாள், முடிவு நாள் என மூன்று தேதிகள் இருக்கின்றன. புதுப்பிக்கும்போது அதே வரிசையில் முடிவு நாள் தள்ளிப்போகிறது. சந்தா காலாவதியாகிப் பிறகு புதுப்பித்தால் தொடக்க நாளும் மாறுகிறது. இடையில் விட்டுப்போன காலத்தை அந்த வரிசையில் காண முடியாது. மாற்றங்களைக் குறித்துவைக்கத் தனி லாக் அட்டவணை இருப்பது உண்மை. ஆனால் அதைத் துழாவி ஒரு குறிப்பிட்ட நாளின் வாக்காளர் பட்டியலைத் திரட்ட எந்தச் சங்க எழுத்தரால் முடியும்?

‘கட்டண அட்டவணையில் வரலாறு இருக்கிறதே’ என்பார்கள். இல்லை. ஆயுள் உறுப்பினர் ஒருமுறைதான் கட்டுகிறார். கௌரவ உறுப்பினர் கட்டுவதே இல்லை. பள்ளி கட்டும் நிறுவனச் சந்தாவில் ஆசிரியர்கள் உரிமை பெறுகிறார்கள். பணம் வந்ததும் உறுப்புரிமை இருந்ததும் வெவ்வேறு செய்திகள். ‘பேக்கப் இருக்கிறது’ என்பதும் பதில் ஆகாது. பேக்கப் விபத்துக்கு உதவும், விசாரணைக்கு உதவாது. ‘சின்னச் சங்கத்துக்கு இத்தனை சிக்கலா’ என்பது அடுத்த வாதம். மூவாயிரம் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு வரிசை வைத்தாலும் பத்தாண்டில் முப்பதாயிரம் வரிசைகள். சாதாரண மடிக்கணினிக்கே அது ஒரு சுமையல்ல.

மாற்று வழியும் கடினமானதல்ல. ஆட்களின் விவரங்களுக்கு ஓர் அட்டவணை. உறுப்புரிமைக்கு வேறோர் அட்டவணை. பின்னதில் உறுப்பினர் எண், வகை, கிளை, தொடக்க நாள், முடிவு நாள், முடிந்த காரணம். வகையோ கிளையோ மாறினால் பழைய வரிசை மூடப்பட்டுப் புதியது திறக்கும், எதையும் அழிப்பதில்லை. ஒருவருக்கு ஒரே காலத்தில் இரண்டு வரிசைகள் அமையாதபடி தடுக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2012 முதலே இருக்கிறது. காலத்தைக் கையாளும் விதிகள் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் 2011இலேயே இடம்பெற்றுவிட்டன. மரியாடிபி தரவுத்தளத்தில் பழைய வரிசைகளைத் தானாகவே சேமித்து வைக்கும் வசதி 2018 முதல் உண்டு. ஆனால் இந்தத் தானியங்கி வசதியை மட்டும் நம்பினால் இன்னொரு பிழை நேரும்: அது குறித்துக்கொள்வது தட்டச்சு செய்த நேரத்தை. மாவட்டப் பொருளாளரிடம் மார்ச்சில் கட்டிய சந்தா தலைமையகத்தில் ஏப்ரலில்தான் ஏறும். உரிமை எந்த நாளிலிருந்து என்பதை வடிவமைப்பாளர்தான் தனிப் புலமாக வைக்க வேண்டும்.

வரலாற்றைக் காப்பது என்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் குவிப்பது அல்ல. பழைய கைபேசி எண்ணும் பழைய வீட்டு முகவரியும் வாக்குரிமைக்குத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவற்றை வைத்திருப்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 உறுப்பினர் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது. பைண்டு செய்த அந்தப் பழைய பதிவேட்டில் ஒரு பெயரை நீக்க வேண்டுமானால் சிவப்பு மையால் கோடு கிழித்து, தேதி போட்டு, செயலாளர் சுருக்கொப்பம் இடுவார். அடித்த பெயரையும் படிக்க முடியும். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் அந்த நோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே செயற்குழு கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் வடிவமைப்பாளரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: உறுப்பினர் ஒருவரின் வகையையும் கிளையையும் கண்ணெதிரே மாற்றிவிட்டு, முந்தைய பொதுக்குழு நாளன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் பட்டியலைக் கிளைவாரியாக எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த உறுப்பினர் பழைய வகையில், பழைய கிளையில் அந்தப் பட்டியலில் வராவிட்டால் பணத்தை நிறுத்திவைக்கலாம்.