அயலார் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் சொல்லும்: தொக்வில் நூலை முன்வைத்து

அயல்நாட்டில் கண்டவற்றைத் தன் மொழியில் எழுதும் பயணியே அந்நாட்டின் முதல் மொழிபெயர்ப்பாளர். அவர் நூலைப் பிறிதொரு மொழிக்குக் கொணர்பவர், அவர் கண்ட பொருளோடு அவர் கண்ட கோணத்தையும் பெயர்க்க வேண்டியவராகிறார். இவ்விரட்டைப் பொறுப்பிற்குத் தக்க சான்று, அலெக்சி த தொக்வில் எழுதிய 'அமெரிக்காவில் மக்களாட்சி'.

சிறைச்சாலை முறையை ஆராயும் பணியை முன்னிட்டு, குஸ்தாவ் த போமோனுடன் 1831 மே மாதம் அமெரிக்கா சேர்ந்த தொக்வில், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அங்குத் தங்கினார். நூல் 1835, 1840 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. சட்டமன்றத்தோடு நில்லாமல் ஊர்க்கூட்டம், ஜூரி முறை, சங்கங்கள், செய்தித்தாள், குடும்பம் ஆகியவற்றிலும் அரசியலின் வேரைத் தேடியமை அதன் சிறப்பு.

நியூ இங்கிலாந்தின் ஊர் அமைப்பைத் தொக்வில் 'கொம்யூன்' என்றே குறிக்கிறார். அன்றைய பிரான்சில் கொம்யூன் நடுவண் ஆட்சியின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. நியூ இங்கிலாந்திலோ ஊரார் கூடித் தம் அலுவலரைத் தாமே தேர்ந்தனர். பழகிய சொல்லுக்குள் பழகாத பொருளை வைத்ததால், பிரெஞ்சு வாசகர் தம் ஊரோடு அதனை ஒப்பிட நேர்ந்தது. தமிழில் இதனை 'டவுன்ஷிப்' என ஒலிபெயர்த்தால் செய்தி எஞ்சும், ஒப்பீடு மறையும். 'ஊராட்சி' என்னும் சொல், சட்டச் சாயல் உடையதாயினும், அவ்வொப்பீட்டைக் காக்கிறது.

'அந்திவிதுவலிஸ்ம்' என்னும் சொல்லின் சிக்கல் வேறு வகையது. 1840-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி ரீவ், நிகரான சொல் இன்மையால் மூலச்சொல்லையே ஏற்று அடிக்குறிப்பும் எழுதினார். தமிழில் வழங்கும் 'தனிமனிதவாதம்' ஒரு கொள்கையைச் சுட்டும். தொக்வில் கருதியதோ கொள்கையன்று. குடும்பம், நண்பர் என்னும் சிறு வட்டத்திற்குள் ஒதுங்கிப் பொதுவாழ்வைக் கைவிடும் அமைதியான மனப்பாங்கு. இதனைத் தன்னலத்தினின்று அவரே பிரித்துக் காட்டுகிறார். எனவே 'தன்னொதுக்கம்' போன்ற ஆக்கம் மூலத்திற்கு நெருங்கியதாகும். 'வாதம்' என்னும் பின்னொட்டு, ஒரு சமூக நோயைக் கட்சிக் கொள்கையாக மாற்றிவிடுகிறது.

இவ்வாறான மாற்றம் மொழிபெயர்ப்பாளர் அறியாமலே நிகழக்கூடும். மக்களாட்சிக்கு எதிரான பகுதிகள் ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்றன என்றும், உயர்குடியாட்சிக்குப் பாதகமானவை மங்கின என்றும் தொக்வில் 1839-இல் ரீவுக்கு எழுதினார். திட்டமிட்ட திரிபு என அவர் குறை கூறவில்லை. மொழிபெயர்ப்பாளரின் சார்பு தன்னியல்பாகச் சொற்களில் படிந்ததையே சுட்டினார். இரு தரப்பாருக்கும் பொதுவாக நின்று எழுத விழைந்தவர், வேற்றுமொழியில் ஒரு தரப்பாராகத் தோன்ற நேர்ந்தது.

இத்தகைய நூலில் கலைச்சொல் தேர்வு என்பது அகராதிப் பணி மட்டுமன்று. அரசியல் தீர்ப்பும் ஆகும். அயலார் நோக்கின் பயன் அதன் நடுநிலையில் உள்ளது. அந்நடுநிலையைக் காக்க, மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் சொற்களோடு தம் சார்பையும் ஆராய்தல் வேண்டும்.