சாம்பல் நிறத்தைப் படிக்கும் கை

நாயின் கல்லீரலை ஸ்கேன் செய்யும்போது நான் முதலில் பார்ப்பது மருத்துவரின் கையைத்தான்; திரையெல்லாம் அப்புறம். கிளிப்பர் ர்ர்ரென்று ஓட, விலா ஓரத்து ரோமம் கொத்துக்கொத்தாக விழும். அடியில் வெளிறிய மெல்லிய தோல். ஜெல் பட்டதும் நாய் ஒருமுறை சிலிர்க்கும். தலைமாட்டில் நிற்பவர் காதுமடலை வருடி, "அவ்ளோதான்டா கண்ணா" என்பார். இரைப்புதான் பெரிய தொல்லை. நாய் இரைக்க இரைக்க, கல்லீரல் திரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். கருவியை எடுக்காமல், அழுத்தத்தையும் கூட்டாமல் அந்தக் கை காத்திருக்கும். அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூச்சு தணிந்ததும் உதரவிதானம் வெள்ளை வளைகோடாகத் தெரியும். அதன் மடியில் கல்லீரல், நைஸாக அரைத்த மாவுபோல ஒரே சீராக. நலமான நாய்க்கு மண்ணீரல்தான் கல்லீரலைவிட வெளுப்பு. கொழுப்போ தழும்போ ஏறி அந்த வரிசை மாறினால், கை அங்கேயே நின்றுவிடும். போர்ட்டல் சிரைகளுக்குப் பளிச்சென்று வெள்ளைக் கரை. கல்லீரல் சிரைகளுக்குப் பெரும்பாலும் கரையே இராது. நடுவே சின்னக் கருங்குளமாகப் பித்தப்பை. அதில் சளி கெட்டிப்பட்டுவிட்டால் குறுக்கே நறுக்கிய கிவிப் பழம்போல வரிவரியாகத் தெரியும், பயங்கரமான அழகு அது. இவ்வளவு பார்த்தபிறகும் நல்ல மருத்துவர் சாம்பல் நிறத்தை மட்டும் வைத்து நோயின் பெயரை அடித்துச் சொல்லமாட்டார். "ஊசியால கொஞ்சம் செல் எடுத்துப் பார்த்துடலாம்" என்பார், வயிற்றிலிருந்த ஜெல்லை மெல்லத் துடைத்தபடி.