தழுவலும் உண்மையும்

மொழிபெயர்ப்பு வேறு, தழுவல் வேறு. முன்னது சொல்லை மாற்றும். பின்னது வாழ்க்கையையே பெயர்த்து நடும். 1993இல் வெளிவந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவி, கே.எஸ். ரவிகுமார் 1996இல் இயக்கிய ‘அவ்வை சண்முகி’ இதற்குத் தக்க சான்றாகும்.

மணமுறிவினால் பிள்ளைப்பாசத்திற்கு ஏங்கும் தந்தை, மூதாட்டி வேடம் பூண்டு அவ்வீட்டிலேயே பணிக்கு அமர்வதே இரு படங்களுக்கும் கரு. ஆயினும், தமிழ்ப்படத்தின் நகைச்சுவை இரவற்பொருள் அன்று. மேடையில் ஒளவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தை அதன் பெயரே நினைவூட்டுகின்றது. பிராமணர் இல்லத்தில் சமையற்பணி பெற, இசுலாமியர் ஒருவர் பிராமணராகவும் ஊமையாகவும் நடிக்க நேர்கிறது. மூலத்தில் இல்லாத இச்சமூக எள்ளல் நம் மண்ணில் விளைந்தது. கிரேசி மோகனின் உரையாடல் அதற்கு மெருகூட்டுகின்றது.

முடிவில்தான் குறை நேர்கின்றது. மூலத்தில் பிரிந்த இருவரும் மீண்டும் சேர்வதில்லை. பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைகள்பால் அன்பு குறையாது என்னும் ஆறுதலையே அது தருகின்றது. தமிழ்ப்படமோ இருவரையும் இணைத்துச் சுபம் காண்கின்றது. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் மாணவரிடையேயும் உளர். அவர்களுக்குரிய ஆறுதல் இங்கே கைநழுவிப் போயிற்று.

தழுவலில் களையத்தக்கது அயன்மையே, உண்மை அன்று.